முகத்தின் மேல் ஓர் உளிவெட்டு

புதுச்சேரிக்கும் பிரெஞ்சு மண்ணுக்கும் உள்ள உறவை 1674இல் வந்த பிரான்சுவா மர்த்தேனிலிருந்து கணக்கிடுவது நம் வழக்கம். அதற்குப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த மண்ணில் அடித்த வெள்ளிக்காசு தமிழகத்தில் புழங்கியிருக்கிறது. தென்னிந்தியப் புதையல்களில் மிகுதியாகக் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக்காசுகள் இரண்டு வகை. ஒன்று பேரரசர் அகஸ்டஸுடையது, மற்றது டைபீரியஸுடையது. இரண்டையும் அடித்த அக்கசாலை, இன்று லியோன் எனப்படும் லுக்தூனம் நகரத்தில் இருந்தது.

அகஸ்டஸின் காசில் ஒரு பக்கம் அவர் தலை. மறுபக்கம் கேடயமும் ஈட்டியும் சூழ இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள். மகள் வயிற்றுப் பேரன்களான காயஸும் லூசியஸும்தான் அவர்கள். தனக்குப் பின் ஆளப்போகிறவர்கள் இவர்களே என்று அகஸ்டஸ் உலகுக்கு அறிவித்த காசு அது. லூசியஸ் கி.பி. 2இலும் காயஸ் கி.பி. 4இலும் இறந்தார்கள். அரியணை ஏறியவர், அதுவரை ஒதுங்கியிருந்த டைபீரியஸ். நிறைவேறாத அந்த அறிவிப்பு மட்டும் கடல் கடந்து வந்து நம் மண்ணில் புதைந்தது. வாரிசு யார் என்று இங்கே யாருக்கும் கவலை இருந்திருக்காது. வெள்ளியின் மாற்று சரியாக இருந்தது, அதுவே போதும்.

ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு செய்தியைச் சொல்கிறார். இலங்கை மன்னர் ஒருவர் ரோமானியக் காசுகளைப் பார்த்து வியந்தாராம். முகங்கள் வெவ்வேறு, ஆனால் எல்லாக் காசும் ஒரே எடை. ஆட்சி மாறியும் எடை மாறாத நாட்டை நம்பலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஸ் பணம் போய்விடுகிறது என்று வருந்தியவரும் இதே பிளினிதான். பிறகு கி.பி. 64இல் நீரோ பொற்காசின் எடையையும் வெள்ளிக்காசின் தரத்தையும் குறைத்தார். தமிழ்நாட்டு வெள்ளிப் புதையல்களில் அதற்கு முந்தைய காசுகளே பெரும்பங்கு. துலாக்கோலும் உரைகல்லும் வைத்திருந்த வணிகர்கள் ஒரு பேரரசரின் நேர்மையை எடைபோட்டுத் தள்ளியிருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேடு இந்த வணிகத்தின் துறைமுகங்களில் ஒன்றாக இருந்தது. 1937இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அங்கே கிடைத்த ஒரு செதுக்குக் கல்லில் அகஸ்டஸின் முகத்தைக் கண்டதாகச் சொன்னார். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். காலத்தைக் கணிக்க அவருக்கு உதவியவை இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் சிவப்பு மெருகுத் தட்டுகளின் உடைசல்கள். காசைத் தேட வேண்டுமென்றால் உள்நாட்டுக்குப் போக வேண்டும்.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். காசாகச் செல்லாது, இனி இது வெறும் பொன் என்பதற்கான வெட்டு என்கிறார்கள் அறிஞர்கள் சிலர். உள்ளே வேறு உலோகமா என்று பார்த்த வெட்டு என்பவர்களும் உண்டு. எதுவானாலும், பேரரசர் உயிரோடிருந்த காலத்தில் ரோமில் எளிதில் துணியக்கூடிய செயல் அல்ல அது. இங்கே ஒரு கைவினைஞர் அச்சமின்றிச் செய்தார். அந்த முகத்துக்கு இந்த மண்ணில் அதிகாரம் இல்லை.

பிரெஞ்சுக்காரர்களும் இதை அறிந்திருந்தார்கள். 1736இல் புதுச்சேரியில் ரூபாய் அடிக்க ஆற்காட்டு நவாபிடம் ஆளுநர் துய்மா அனுமதி பெற்றார். அந்த ரூபாயில் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் முகம் இல்லை, முகலாயப் பேரரசரின் பெயர்தான் இருந்தது. சந்தை நம்பியது அந்தப் பெயரைத்தான். செம்பில் அடித்த சிறுகாசிலோ ஒரு பக்கம் லில்லி மலர், மறுபக்கம் தமிழ் எழுத்தில் புதுச்சேரி என்ற ஊர்ப்பெயர்.

காசு விற்கும் சந்தையில் உளி பட்ட பொற்காசு ஊனமுற்றது, விலை குறைவு. என் மனம் இதை ஏற்க மறுக்கிறது. அகஸ்டஸின் முகம் உலகத்து அருங்காட்சியகங்கள் எங்கும் இருக்கிறது. இங்கே வாழ்ந்த ஒருவரின் கைபட்ட தடம் அந்த வெட்டில் மட்டுமே இருக்கிறது. அந்தத் தடம் தொலைந்துவிடக் கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைப்பதை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் உருக்கிய காசு எந்த ஊரில், எதனோடு, எத்தனை வெட்டுகளோடு கிடந்தது என்பதை இனி எவராலும் எழுத முடியாது.