அயலார் வீட்டு உணவு மேசை

பல ஜெர்மன் வீடுகளில் மாலை ஆறரை மணிக்கே இரவு உணவு முடிந்துவிடுகிறது. அடுப்பு மூட்டாத எளிய உணவு: ரொட்டி, பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி. எட்டு மணிக்குச் சூடாகச் சாப்பிட்டுப் பழகிய பிரெஞ்சுப் பள்ளி மாணவி ஒருத்தி அந்த மேசையில் வந்து அமர்கிறாள். வகுப்புத் தோழர்களோடு எல்லை தாண்டி வந்தவள், ஆளுக்கொரு குடும்பம் என்று பிரிந்து இங்கே தங்குகிறாள். சில மாதங்களில் இந்த வீட்டுப் பெண் அவள் வீட்டுக்குப் போவாள். ஊரில் அவளுக்கிருந்த கெட்டிக்காரி என்ற பெயர் இங்கே செல்லாது. தண்ணீர் கேட்பதற்கே சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது.

இந்தச் சாதாரண மேசைக்குப் பின்னால் மூன்று போர்கள் இருக்கின்றன. 1870, 1914, 1939 என்று 70 ஆண்டுகளுக்குள் மூன்று முறை இவ்விரு நாடுகளும் மோதிக்கொண்டன. 1916இல் வெர்டன் களத்தில் காயமுற்று ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர் சார்ல் தெ கோல். அவரே பிரான்சின் தலைவராகி, 1963 ஜனவரி 22 அன்று எலிசே மாளிகையில் 87 வயது ஜெர்மன் சான்சலர் அடேனவரோடு நட்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அதே ஆண்டில் இரு நாட்டு இளையோருக்கான பொது அலுவலகமும் பிறந்தது. அதன் வழியாக இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளையோர் ஒருவர் மண்ணில் ஒருவர் பழகியிருக்கிறார்கள். உடன்படிக்கைகள் கிழிபடக்கூடியவை என்பதைத் தம் வாழ்நாளிலேயே கண்ட முதியவர்கள், சமாதானத்தின் ஒரு பங்கைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார்கள்.

பழகினால் பகை தீருமா என்று நாம் கேட்கலாம். 1914க்கு முன்பும் வணிகர்களும் அறிஞர்களும் அந்த எல்லையைக் கடந்து பழகியே வந்தார்கள், போர் நிற்கவில்லை. ஆனால் வணிகர் சரக்கோடு போனார், அறிஞர் புகழோடு போனார். பிள்ளை மட்டுமே ஒன்றுமில்லாமல் போகிறது. பசியையும் தூக்கத்தையும் வீட்டு நினைவில் பெருகும் கண்ணீரையும் முன்பின் அறியாத ஒரு தாயிடம் நம்பி விட்டுவிடுகிறது. அந்த வீட்டுப் பிள்ளையும் தன் அறையில் பாதியை, தாயின் கவனத்தில் பாதியை விட்டுக்கொடுக்கிறது. நம் ஊர் நட்புகளில் பல தெருவும் பள்ளியும் பெற்றோரும் நமக்குத் தேடித் தந்தவை. இங்கேயோ, இருவரும் தத்தம் உடைமையில் கொஞ்சம் இழந்த இடத்தில்தான் நட்பு முளைக்கிறது.

அது நிலைப்பதும் உறுதியில்லை. கடிதங்கள் குறைகின்றன, திருமணமும் வேலையும் வந்து நினைவை ஓரமாகத் தள்ளுகின்றன. நட்பு, நட்பாராய்தல், பழைமை என்று அதிகாரங்களை அடுக்கிய வள்ளுவரின் வரிசையில் வைத்தால், ஒரு வார நட்புக்கு ஆராய்ச்சியும் இல்லை, பழைமையும் இல்லை. காலத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அது தோற்றுத்தான் போகும்.

எனினும் ஓர் உறவின் ஆயுள் வேறு, அதன் பயன் வேறு. வெறுப்புக்கு முகமில்லாத கூட்டம் தேவை. ‘அவர்கள்’ என்று ஒரே சொல்லில் ஒரு நாட்டையே அடக்கிவிட்டால்தான் அது வளர முடியும். அந்த நாட்டின் ஒரு வீட்டில் ஒருமுறையேனும் ஆதரவற்று நின்று, உணவும் படுக்கையும் பரிவும் பெற்றவருக்கு அந்தச் சொல் அத்தனை எளிதாக வாயில் வருவதில்லை. தோழியின் பெயரே மறந்துபோகலாம். ஆயினும், தம் வலிமை எதுவும் துணைக்கு வராத நேரத்தில் அயலார் தம்மை ஏற்றுக்கொண்டார்கள் என்ற அனுபவம், அப்படிப் பெற்றவர்கள் பின்னாளில் வாக்களிக்கும்போதும், வேற்றுமொழிக்காரரைப் பற்றித் தம் பிள்ளைகளிடம் பேசும்போதும், அவர்கள் அறியாமலே அவர்களுக்குள்ளிருந்து தீர்ப்பு வழங்கிக்கொண்டிருக்கிறது. பிறருக்குக் கொடுக்கும்போது நாம் பெருமை கொள்கிறோம். பிறரிடம் கையேந்தி நின்று, அவமதிக்கப்படாமல் பெறும்போதுதான், மனித குலம் நம்மைவிடப் பெரியது என்பதையும் அதன் ஒவ்வொரு வீட்டிலும் நமக்கு ஓர் இடம் இருக்கக்கூடும் என்பதையும் உணர்கிறோம்.