விழுவதைப் பார்த்திருப்போர்

ஒரு மனிதன் விழுகிறான். பல்லாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். விழுந்தவனுக்கு என்ன நேர்ந்தது என்று எல்லாரும் கேட்கிறோம். பார்த்திருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பவர் அரிது.

தொலைக்காட்சியின் தடைதாண்டும் போட்டிகளில் கோல் தாவல் என்றொரு தடை வருவதுண்டு. ஒரு மேடை, அதன் எதிரே நீர்த்தொட்டி, அப்பால் இன்னொரு மேடை. போட்டியாளர் ஓடிவந்து கோலைப் பற்றித் தொங்கி, அது சாயும் வேகத்திலேயே அக்கரை சேர வேண்டும். பற்றுவது எளிது, விடுவதே கடினம். கணம் முந்தி விட்டாலும் நீர், கணம் பிந்தி விட்டாலும் நீர். நீரைத் தொட்டவருக்குப் போட்டி அத்துடன் முடிந்தது.

இதனையொத்த தாவல் ஒன்று நெதர்லாந்தின் வடபகுதியாகிய ஃபிரீஸ்லாந்தில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. தாழ்ந்த நிலம், வயலுக்கு வயல் வாய்க்கால். பாலம் தேடிச் சுற்றிப் போகாமல், உழவர்கள் நீண்ட கழியை வாய்க்காலின் நடுவே ஊன்றித் தாவிக் கடந்தனர். கழி சேற்றில் புதையாதிருக்க அதன் அடியில் தட்டையான வட்டொன்றைப் பொருத்தினர். 1771-இல் பார்டு என்னும் சிற்றூரில் இது போட்டியாகவே நடந்தது. இன்றைய போட்டிகளில் கழியின் நீளம் 13 மீட்டருக்கும் மேல். அது சாய்ந்து கொண்டிருக்கும்போதே அதன்மீது விரைந்து ஏறி, மறுகரை மணலில் குதிக்கிறார்கள். 2017-இல் ஒருவர் 22.21 மீட்டர் தொலைவைக் கடந்தார். ஆனால் என் மனம் அந்தப் பழைய உழவனிடமே நிற்கிறது. அவன் தவறி விழுந்தால் துணி நனையும். எழுந்து உதறிவிட்டு நடப்பான். அடுத்த வயலுக்காரன் சிரித்திருக்கலாம். சிரித்தவனும் மறுநாள் அதே வாய்க்காலைத் தாண்ட வேண்டியவனன்றோ!

தடகளக் களத்தின் கோலூன்றித் தாண்டலுக்கு வேறொரு விதி. தொடர்ந்து மூன்று முறை தவறினால்தான் ஒருவர் வெளியேற வேண்டும். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் சுவீடன் வீரர் அர்மாண்ட் டுப்லாண்டிஸ் 6.25 மீட்டரைத் தாண்டி உலக சாதனை படைத்தது மூன்றாவது முயற்சியில். 2025-இல் டோக்கியோவில் 6.30 மீட்டரைத் தாண்டியதும் மூன்றாவது முயற்சியிலேயே. தொலைக்காட்சி விதியை அங்கே புகுத்தியிருந்தால் அவ்விரு சாதனைகளும் இல்லை. விதி இரக்கமுடையது என்பதால் தளர்ந்தது என எண்ண வேண்டாம். முப்பத்தைந்து முறை உலக சாதனை படைத்த செர்கேய் புப்கா, 1992-இல் பார்சிலோனாவில் மூன்று வாய்ப்புகளையும் இழந்து, எந்த உயரத்தையும் தாண்டாதவராகத் திரும்பினார்.

தொலைக்காட்சிக்கு மட்டும் ஏன் ஒரே வாய்ப்பு? காலம் குறைவு, போட்டியாளர் பலர் என்பது ஒரு விடை. ஜப்பானில் 1997-இல் தொடங்கிய 'சசுகே' போட்டியில் நூறு பேர் இறங்குவர்; நான்கு கட்டங்கள். 1999-இல் அனைத்தையும் முதன்முதலாக முடித்த கசுஹிகோ அகியாமா பார்வைக் குறைபாடு உடையவர். நண்டு பிடிக்கும் தொழில் செய்தவர். 2020 வரையில் முழு வெற்றி கண்டவர் நால்வரே. மற்ற அனைவரும் எங்கோ ஓரிடத்தில் தவறியவர்கள். இத்தனை பேருக்கு மறு வாய்ப்பளித்தால் பார்ப்பவர் பொறுமை இழப்பர். ஆகவே அந்த ஒற்றை வாய்ப்பு பார்ப்பவருக்காக வகுக்கப்பட்ட விதி. தாவுபவரின் திறமையை அளக்க வகுக்கப்பட்டதன்று.

இதற்கு முந்தியது 'டகேஷியின் கோட்டை'. 1986 முதல் 1990 வரை ஜப்பானில் ஒளிபரப்பாகி, பின்னர் ஜாவேத் ஜாஃப்ரியின் இந்தி வருணனையோடு நம் நாட்டுச் சிறுவர்களையும் சிரிக்க வைத்தது. பிறர் விழுவதைக் கண்டு சிரிப்பது இழிவு என்று அதைக் கடிந்தவர் உண்டு. எனக்கோ அந்தக் கோமாளிக் கோட்டையில் ஒரு நேர்மை தெரிகிறது. சேற்றில் விழுந்தவனைப் பற்றி அங்கே எவரும் எந்த முடிவுக்கும் வரவில்லை. பின்வந்த நிகழ்ச்சிகளோ துயர இசையோடு போட்டியாளரின் வரலாற்றைச் சொல்கின்றன; ஆண்டுக்கணக்கான பயிற்சி, காத்திருக்கும் குடும்பம், கைவிட்ட வேலை. பிறகு ஒரு நொடியில் அவர் நீரில் விழுகிறார். அந்த நொடியில் அந்த மனிதரையே கண்டுவிட்டதாக நாம் நம்புகிறோம். சிரிப்பைவிட இந்த நம்பிக்கையே கொடியது.

புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் ஆறாம் பகுதியில் நண்பர் அலிப்பியுவைப் பற்றிச் சொல்கிறார். உரோமை நகரில் வாட்போர் காண விரும்பாத அவரைத் தோழர்கள் வலிந்து இழுத்துச் சென்றனர். அவர் கண்களை மூடிக்கொண்டார், காதுகளை மூடவில்லை. போரிட்ட ஒருவன் விழுந்தபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. அலிப்பியு கண் திறந்தார். விழுந்தவனின் உடற்காயத்தைவிடப் பார்த்தவரின் ஆன்மக் காயம் பெரிதென்பது அகுஸ்தினாரின் கணிப்பு. நீர்த்தொட்டியில் விழுவது வாளுக்கு விழுவதாகாது, அறிவேன். எனினும் காயம் எங்கே விழுகிறது என்பதில் அவர் காட்டிய திசை சரியானது.

நம் சிலுவைப் பாதையிலும் விழுதல் உண்டு. மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் தலங்களில் ஆண்டவர் விழுகிறார். நற்செய்தி நூல்களில் இல்லாத இவற்றை மக்களின் பக்தியே சேர்த்தது. ஒருமுறை போதும் என்று அந்தப் பக்தி எண்ணவில்லை. அவ்விடங்களில் நாம் முழந்தாளிடுகிறோம். பின்பு கோவிலைவிட்டு வெளியே வந்து, குருமடத்திலிருந்து திரும்பிவிட்ட இளைஞனை, "பாதியிலே வந்தவன்தானே" என்கிறோம். அவன் விழுந்தானா, அன்றித் தன் அழைத்தல் வேறென்று தெளிந்து நேர்மையாக நடந்தானா என்று கேட்பதில்லை. பத்தாண்டு கழிந்து, அவன் நல்லாசிரியனாகிப் பிள்ளைகளோடு திருப்பலிக்கு வந்தாலும் அப்பெயர் மாறுவதில்லை. பெண் கொடுப்பதற்குக்கூடத் தயங்கிய குடும்பங்கள் உண்டு.

ஒரே வாய்ப்புள்ள செயல்கள் வாழ்வில் இல்லையா எனலாம். உண்டு. அறுவை மருத்துவரின் கையும் விமானியின் கண்ணும் அத்தகையவை. அங்கே அக்கண்டிப்பு செயலின் இயல்பிலிருந்தே பிறக்கிறது. உயிர்கள் அதைக் கோருகின்றன. திரும்பி வந்த இளைஞன்மீது நாம் சுமத்துவதை யார் கோரினார்கள்?

அலிப்பியுவின் கதையில் இன்னும் ஒன்று உண்டு. உரோமைக்கு முன்பே கார்த்தேசில் அவர் தேரோட்டக் களியாட்டங்களுக்கு அடிமைப்பட்டு மீண்டவர். உரோமையில் அவருக்கு நேர்ந்தது இரண்டாம் வீழ்ச்சி. அகுஸ்தினார் இதையெல்லாம் எழுதியபோது அலிப்பியு உயிரோடிருந்தார்; அவர்கள் இருவருக்கும் சொந்த ஊரான தகாஸ்தேயின் ஆயராக இருந்தார்.