அரியணையும் எரிந்த வயலும்

மேசையைச் சுற்றியமர்ந்து, பகடை உருட்டி, கற்பனை மாந்தராகவே பேசி நடிக்கும் விளையாட்டு, 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வழியே உலகெங்கும் பரவியது. அதற்கு வாரிசுரிமைப் போரினும் ஏற்ற களம் அரிது.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2018இல் வெளியிட்ட 'ஃபயர் அண்ட் பிளட்' நூலில் அத்தகைய போரொன்று உண்டு. அரசர் தம் வாரிசென அறிவித்த மகள் ரெனீரா ஒருபுறம். ஆண்மகன் என்பதால் முடிசூட்டப்பெற்ற, சிற்றன்னையின் மகன் ஏகான் மறுபுறம். 1135இல் முதலாம் ஹென்றி மறைந்தபின், மகள் மட்டில்டாவும் உடன்பிறந்தாள் மகன் ஸ்டீபனும் இங்கிலாந்தைப் பிளந்த வரலாற்றின் நிழல் அது.

இருதரப்பும் நியாயம் காட்டும். ஆதலின், 'உரிமை எவருக்கு?' என்றே ஆடுவோர் வாதிடுவர். அறம் கேட்கும் வினாவோ வேறு. எவர் வென்றாலும் எரிவது உழவனின் வயல். அவனை எவர் கேட்டார்?

இளவரசராக ஆடுவது எளிது, இன்பமுங்கூட. ஒருமுறையேனும் அவ்வுழவனாக ஆடிப் பார்ப்போமாக. பிறர் ஆசைக்கு விலை கொடுப்பவனின் இடத்தில் அமர்ந்து பழகியவன், மெய்யான போர்முரசு ஒலிக்கும் நாளில், 'எவருக்காக?' என்று கேட்கக் கற்றிருப்பான்.