எனக்கு ஒத்துக்கிச்சு

மூன்று வருடங்களுக்கு முன், சித்தி மகளின் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அவளுக்கு ஒரு சின்ன டப்பா கிரீம் வாங்கிக் கொடுத்தேன். "எனக்கு ஒத்துக்கிச்சுடி, நீயும் போட்டுப் பாரு" என்று சொல்லித்தான் கொடுத்தேன். இன்று அவள் வெயிலில் பத்து நிமிடம் நின்றால் முகம் நெருப்பாய் எரிகிறது. கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி ரத்தக் குழாய்கள் தெரிகின்றன. நடுவே பருக்கள்.

தெரியாமல்தான் கொடுத்தேன். அது உண்மை. ஆனால் தெரியாமல் செய்தது தப்பில்லை என்று ஆகிவிடுமா? சில மாதங்களாக இந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை. அதற்கு வந்து சேர்ந்த வழி என் சொந்த முகம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு முப்பத்தாறு வயதில் பரு வந்தது. காலேஜ் படித்த காலத்தில்கூட வராத பரு. கன்னத்திலும் தாடையோரத்திலும் பெரிதாக, நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் பொடிப்பொடியாக. காரைக்குடியில் ஒருத்தி முகத்தில் பரு வந்துவிட்டால் வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. செக்காலை ரோட்டில் காய்கறி வாங்க நின்றால்கூட யாராவது சொல்வார்கள். உடம்புச் சூடு என்றார் ஒருவர். கறியைக் குறை என்றார் இன்னொருவர். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட்டதால் வந்தது என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னார். எண்ணெய் வைப்பதால்தான் வந்தது என்று என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் சொன்னார். எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

தோல் மருத்துவர் வேறு மாதிரி ஆரம்பித்தார். "முகத்துலயும் தலையிலயும் என்னென்ன போடுறீங்களோ எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார். மஞ்சப்பையில் பதினோரு சாமான் போனது. ஃபேஸ்வாஷ், சன்ஸ்கிரீன், இரண்டு மாய்ஸ்சரைசர், சீரம், கண்டிஷனர், காம்பேக்ட் பவுடர், அப்பத்தா காய்ச்சிய தேங்காய் எண்ணெய் எல்லாம். ஒரு மனுஷியின் முகத்துக்கு இத்தனையா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அதற்குள் நானே கொஞ்சம் படித்துவைத்திருந்தேன். மயிர்க்காலை அடைத்துப் பருவுக்கு வழிவிடும் பொருட்களுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்ட பட்டியல்கள் உண்டு. ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட், ஐசோபுரோப்பைல் பால்மிடேட், கோக்கோ பட்டர், லானோலின் வகையில் சில, நம்முடைய தேங்காய் எண்ணெய் ஆகியவை அதில் மேலே இருக்கும். பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல ஒவ்வொரு லேபிளிலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தேன். டாக்டர் அந்த வட்டங்களைப் பார்த்துவிட்டு, "இந்த மார்க்கை யார் போட்டாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

தேடிப் பார்த்தேன். மார்க் முதலில் முயலின் காதில் போடப்பட்டது. பொருளை முயலின் காதுக்குள் தினமும் தடவி, சில வாரம் கழித்து அங்கே துளைகள் அடைபடுகின்றனவா என்று பார்ப்பார்கள். தொழிற்சாலை ரசாயனங்களைச் சோதிக்க வந்த இந்த முறையை அழகு சாதனங்களுக்கும் பரவலாகக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். வயதுவந்த பெண்களுக்கு வரும் நாள்பட்ட பருவுக்கு அவர்கள் பூசும் கிரீம்களே காரணமாகலாம் என்று 1972இல் மில்ஸ் என்பவரோடு சேர்ந்து எழுதினார். தலைக்குத் தடவும் பொமேடால் நெற்றியில் பரு வருவதை 1970இலேயே அவரும் சகாக்களும் பதிவு செய்திருந்தார்கள். என் நெற்றிக்கு ஐம்பது வருடத்துக்கு முன்பே விளக்கம் எழுதிவைத்த ஆள்.

அதே கிளிக்மன் 1951 முதல் 1974 வரை ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் பரிசோதனைகள் நடத்தினார். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். கையில் கொஞ்சம் காசு கிடைக்கும் என்பதற்காக முதுகைக் கொடுத்தவர்கள். என்ன தடவுகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஆலன் ஹார்ன்ப்ளம் 1998இல் எழுதிய புத்தகம் அந்த வரலாற்றை வெளியே கொண்டுவந்தது. 'இதில் என்ன இருக்கிறது' என்று நான் இன்று நிம்மதியாகப் படிக்கும் தோல் அறிவியலில் ஒரு பகுதி, 'இதில் என்ன இருக்கிறது' என்று கேட்க முடியாதவர்களின் தோலில் எழுதப்பட்டது.

இவ்வளவுக்கும் பிறகு அந்த மதிப்பெண் எவ்வளவு தூரம் செல்லும் என்றால், அதிக தூரம் இல்லை. முயலின் காது மனிதத் தோலைவிடச் சீக்கிரம் அடைபடும். 2006இல் ட்ரேலோஸ், டினார்டோ இருவரும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள்: அதிக மதிப்பெண் பெற்ற பொருள் கலந்திருந்தும், முழுத் தயாரிப்பாக மனிதர்கள் மேல் சோதித்தால் அது துளையை அடைக்காமல் இருக்கலாம். எவ்வளவு கலந்திருக்கிறது, எதோடு கலந்திருக்கிறது என்பது முக்கியம். லேபிளில் இருந்து அதைக் கண்டுபிடிப்பதும் சுலபமில்லை. நம் நாட்டு விதிப்படி ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். அதற்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். 'ஃப்ராக்ரன்ஸ்' என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் பல பொருட்கள் இருக்கலாம்.

ஆகவே டாக்டர் சொன்ன வழி பழைய வழி. எல்லாவற்றையும் நிறுத்து. ஒரு சாதாரண ஃபேஸ்வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர், அவ்வளவுதான். முகம் அடங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் காரணங்களைக் கண்டுபிடிக்கும் முறைகளை எழுதியபோது சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க, ஒன்றை மட்டும் மாற்றிப் பார். கேட்பதற்கு எளிது. கண்ணுக்குத் தெரியாத அடைப்பு பருவாக வெளியே வர எட்டு வாரம்கூட ஆகலாம். இன்று காலை வந்த பருவுக்கு நேற்றுப் போட்ட சன்ஸ்கிரீனைத் திட்டுகிறோம். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காய் பழுக்க எடுத்த நாட்களை யார் எண்ணினார்கள்?

அறிவுக்கு வந்த கஷ்டம் இது. மனசுக்கு வந்த கஷ்டம் அப்பத்தாவின் எண்ணெய்.

அப்பத்தாவுக்கு எண்பத்து மூன்று வயது. கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம் போட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றித் தருவார். அதையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

"எண்ணெயவா? நாப்பது வருசமா இந்த வீட்ல எல்லாருந்தான் வச்சிருக்கோம். ஒங்கப்பனுக்கு வந்துச்சா? எனக்கு வந்துச்சா?"

"ஒங்களுக்கு ஒத்துக்கிச்சு அப்பத்தா. எனக்கு ஒத்துக்குதான்னு பாக்கணும்ல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, பாரு. ஆனா அதுல என்ன போட்ருக்கேன்னு ஒனக்குத் தெரியும். நீதான அரைச்சுக் குடுத்த" என்றார்.

தமிழில் இந்த 'ஒத்துக்கிறது' என்ற சொல் எனக்குப் பிடிக்கும். புது ஊர்த் தண்ணி ஒத்துக்கலை என்கிறோம். மருமகளுக்கு அந்த வீடு ஒத்துக்கலை என்கிறோம். தண்ணி கெட்டது என்றோ, வீடு கெட்டது என்றோ அதில் வராது. இரண்டு பேருக்கு நடுவில் உள்ள ஒன்றை அது சொல்கிறது. முகப்பரு விஷயத்தில் பெரும்பாலும் இதுவே சரியான பேச்சு. தேங்காய் எண்ணெய் குற்றவாளி அல்ல. என் நெற்றிக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். எண்ணெயை நிறுத்திய இரண்டாம் மாதம் நெற்றிப் பொடிகள் அடங்கின. முடியின் நுனிக்கு மட்டும் இப்போதும் வைத்துக்கொள்கிறேன். அப்பத்தாவும் நானும் சமாதானம்.

ஆனால் கன்னம் அடங்கவில்லை. பதினோரு சாமானையும் நிறுத்தியும் அடங்கவில்லை. மூன்றாவது முறை போனபோது டாக்டர் கேட்டார்: "பையில வராதது ஏதாவது இருக்கா? முன்னாடி போட்டு நிறுத்துனது?"

அப்போதுதான் அந்த டப்பா ஞாபகத்துக்கு வந்தது. ஃபேன்ஸி ஸ்டோரில் வாங்கியது. மேலே புரியாத எழுத்து, ஒரு வெள்ளைக்காரி படம். என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. கல்யாணச் சமயத்தில் ஆரம்பித்து நிறைய மாதம் போட்டிருக்கிறேன். முகம் பளபளவென்று ஆனது. பிறகு அந்தக் கடையில் வருவது நின்றுபோக, நானும் நிறுத்திவிட்டேன். பரு அதற்குப் பிறகு வந்தது. போடும்போது நன்றாக இருந்த, இப்போது போடாத ஒன்றை யார் சந்தேகப்படுவார்கள்? மில்லின் முறையில் இருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காரணம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்ட ஒன்று.

டாக்டர் ஸ்டீராய்டாக இருக்கும் என்றார். பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால் போன்றவை முகத்தில் பட்டதும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், சிவப்பும் வீக்கமும் வற்றும், நிறம் வெளுக்கும். சில நாளில் 'ஒத்துக்கிச்சு' என்று சொல்ல வைக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், குழாய்கள் வெளியே தெரியும், ரோமம் முளைக்கும், பரு வரும். நிறுத்தினால் எல்லாம் பொங்கும். பொங்குகிறதே என்று மறுபடி போடுவார்கள். இந்த முகத்தைக் கண்டு கண்டு நம் தோல் மருத்துவர்கள் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். இந்தியாவின் பன்னிரண்டு மையங்களில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு கிரீம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 392 பேருக்குப் பக்கவிளைவு. அதில் முதலிடம் பருவுக்கு. 433இல் 257 பேருக்கு அதைச் சொன்னவர் டாக்டரே அல்ல. இத்தகைய 14 மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் உத்தரவிட்டது. மருந்து என்று பெயர் போட்டு விற்றால்தான் அந்த உத்தரவு பாயும். என் டப்பாவில் எந்தப் பெயரும் இல்லை.

257 என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்குச் சித்தி மகளின் முகம்தான் தெரிந்தது.

'ஒத்துக்கிச்சு' என்ற சொல் போதாமல் போகிற இடம் இது. எண்ணெயில் இருந்தது எனக்கும் அதற்குமான விவகாரம். டப்பாவில் இருந்தது ஒருவர் மறைத்தது. எண்ணெய்க்கு மன்னிப்புக்கூடத் தேவையில்லை. மறைத்தவருக்குத் தண்டனையே வேண்டும். ஆனால் நடுவில் நான் இருக்கிறேன். நான் மறைக்கவில்லை. தெரியாது. அவ்வளவு சுத்தமா என் கணக்கு?

டபிள்யூ. கே. கிளிஃபர்ட் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1877இல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, ஓட்டை உடைசல் என்று சந்தேகம் இருக்கிறது. இதுவரை எத்தனையோ பயணம் போய்வந்ததே, கடவுள் காப்பாற்றுவார் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்தி அனுப்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் மனசார நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது என்கிறார் கிளிஃபர்ட். விசாரிக்காமல் அந்த நம்பிக்கையை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவர் செய்தது தப்புதான். பர்மாவுக்குக் கப்பலேறிப் போனவர்களின் ஊர் இது. அந்த முதலாளியைப் புரிந்துகொள்ள எனக்குச் சிரமம் இல்லை.

எனக்குச் சந்தேகம் வந்ததா? வந்தது. ஒரு டப்பாவில் இத்தனை சீக்கிரம் இத்தனை வெளுப்பு எப்படி என்று ஒருநாள் யோசித்தேன். முகம் நன்றாக இருந்ததால் யோசனையைத் தொடரவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் கன்னத்தை வைத்தால் இன்னும் வழுவழு என்று இருக்கும். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் என்று அதில் போனதெல்லாம் அப்பத்தாவுக்கு மனப்பாடம். நூறு வருடச் சுவரில் என்ன பூசியிருக்கிறது என்று தெரிந்த வீட்டில் இருந்துகொண்டு, முகத்தில் பூசியதைக் கேட்கவில்லை.

அதுகூட என் பெரிய தப்பு இல்லை. டாக்டர் சொன்ன அன்றே நான் அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். "சட்டுனு நிறுத்தச் சொல்லாதீங்க, ரொம்பப் பொங்கும். இங்க கூட்டிட்டு வாங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். நான் மூன்று வாரம் கூப்பிடவில்லை. என்ன சொல்வது, சித்தி என்ன நினைப்பார், அவள் எப்போதோ நிறுத்தியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மூன்று வாரமும் நான் தெரிந்த ஆள். கப்பல் கடலில் இருக்கிறது, ஓட்டை எங்கே என்று எனக்குத் தெரியும், கரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் நிறுத்தியிருக்கவில்லை. வேறு கடையில் கிடைக்கிறதாம், இரண்டரை வருடமாகப் போடுகிறாளாம். தேவகோட்டையில் இருந்து வந்தாள். டாக்டரிடம் கூட்டிப் போனேன். படிப்படியாகக் குறைக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார். வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது மன்னிப்புக் கேட்டேன். வாக்கியத்தை முடிக்க விடவில்லை.

"அதை விடுக்கா. நான் எங்க மாமியார் வீட்ல ரெண்டு பேருக்குச் சொல்லிருக்கேன். அதுல ஒண்ணு பதினாறு வயசுப் புள்ள."

அங்கேயே நின்று ஃபோனை எடுத்தாள். முதல் தடவை எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள்.