வைரம் வாங்குவது அறமா?

கூனிமேட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள் வந்துவிடும். கோடையில் பாத்திகள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைக்கும். அந்தக் கூச்சத்துக்கு நடுவில் ஆணும் பெண்ணும் நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வாரிக் கரையேற்றுகிறார்கள். உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடிக்கிறது. வடகிழக்குப் பருவமழை வந்தால் அளம் மூழ்கும், வேலை நிற்கும். அந்த மாதங்களுக்காக அரசு தரும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய்.

அதே சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி. கல்யாணம் நிச்சயமான வீட்டார் பெண்ணுக்கு வைரத்தோடும் மூக்குத்தியும் எடுக்கப் போகிற வழியும் அதுதான். இந்தக் கரையில் எழுப்பிப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: யாரோ பட்ட பாட்டில் விளைந்த கல்லை, அவர் யாரென்றே கேட்காமல் வாங்கி அணிவது சரியா?

உப்புக்கும் இதே கேள்வி பொருந்தும் என்று ஒருவர் சொல்லலாம். பொருந்தும்தான். உப்பளத் தொழிலாளிக்கு நியாயமான கூலி கிடைக்க வேண்டும் என்பது சோற்றில் உப்புப் போட்டுக்கொள்கிற அனைவரின் பொறுப்பு. ஆனால் உப்பில்லாமல் ஒருநாள் சமையல் நடக்காது. கூலி குறைவென்று தெரிந்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். வைரம் அப்படியல்ல. அது இல்லாமல் எந்த வீட்டிலும் அடுப்பு அணைந்துவிடாது. வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் வாங்குபவருக்கு முழுதாக இருக்கிறது. அந்தச் சுதந்திரம் கூடக்கூட, விசாரித்து வாங்கும் கடமையும் கூடுகிறது.

வைரக் கடையில் கல்லோடு ஒரு சான்றிதழ் தருகிறார்கள். எடை, நிறம், தெளிவு, வெட்டு என்று கல்லின் சாதகம் முழுதும் அதில் இருக்கும். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு வரை துல்லியமாக எழுதியிருப்பார்கள். தோண்டியவர் யார், என்ன கூலி வாங்கினார் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இருக்காது.

தமிழ்நாட்டு வீடுகளில் ‘புளூ ஜாகர்’ தோடு என்றால் தனி மரியாதை. அந்தப் பெயர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. 1870-இல் அங்கே வைரம் கண்டெடுக்கப்பட்டது. 1971-இல் சுரங்கம் மூடப்பட்டது. முதல் உலகப்போருக்குச் சற்று முன், வெள்ளை மேற்பார்வையாளர் ஒருவர் உதைத்ததில் கறுப்பினத் தொழிலாளி ஒருவர் இறந்துபோக, கொதித்தெழுந்த சக தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினோரு பேர் இறந்தார்கள். சுரங்கம் மூடி அரை நூற்றாண்டு கழித்து, 2022 செப்டம்பரில், அதன் கழிவுகளைத் தேக்கிய அணை உடைந்து ஊருக்குள் சேறு பாய்ந்தது; வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்கள் போயின. பாட்டியின் தோட்டைப் பேத்திக்குப் போட்டு அழகு பார்ப்பதில் குற்றமில்லை. அதனால் புதிதாக யாரும் துன்பப்படப் போவதில்லை. ஆனால் ஜாகர் என்று பெருமையாகச் சொல்கிற வாய்க்கு இந்த வரலாறும் தெரிந்திருப்பது நியாயம்.

‘அதெல்லாம் பழங்கதை, இப்போது கிம்பர்லி சான்று இருக்கிறதே’ என்று கடைக்காரர் சொல்லக்கூடும். சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கிளர்ச்சிப் படை வைரம் விற்று ஆயுதம் வாங்கியது. பொதுமக்களின் கைகளை வெட்டியது. உலகம் அதிர்ந்துபோய் உருவாக்கிய கிம்பர்லி ஏற்பாடு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் அரசுகளுக்கு எதிராகக் கிளர்ச்சிப் படைகள் போருக்குப் பயன்படுத்தும் பட்டை தீட்டாத கற்களை மட்டுமே அது குறிவைக்கிறது. 2008-இல் ஜிம்பாப்வேயின் மராங்கே வைர வயலில் அரசுப் படையே சுரங்கம் தோண்டிய ஏழைகளைச் சுட்டுக் கொன்றபோது அந்த வரையறை உதவவில்லை. கிம்பர்லி ஏற்பாடு உருவாகப் போராடிய குளோபல் விட்னஸ் அமைப்பே 2011-இல் அதைவிட்டு வெளியேறியது. கூலி, குழந்தை உழைப்பு, நிலச்சேதம் எதுவும் அந்தச் சான்றின் கணக்கில் வருவதில்லை.

அப்படியென்றால் வைரத்தையே ஒதுக்கிவிடுவதுதான் தீர்வா? அதுவும் அவ்வளவு எளிதல்ல. 1966-இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றாக இருந்த போட்ஸ்வானா, அடுத்த ஆண்டு கண்டெடுத்த வைரத்தின் வருமானத்தில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் சாலைகளும் அமைத்தது. உலகின் வைரங்களில் பத்துக்கு ஒன்பது நம் நாட்டில், பெரும்பாலும் சூரத்தில்தான் பட்டை தீட்டப்படுகின்றன. அண்மை ஆண்டுகளில் விற்பனை சரிந்தபோது அங்கே வேலை போனது, கூலி குறைந்தது, தொழிலாளர் தற்கொலைகள் செய்தியாயின. எல்லோரும் ஒரே நாளில் கைவிட்டால் முதல் அடி அவர்கள் வயிற்றில்தான் விழும். ஆகவே கண்மூடி வாங்குவதைப் போலவே கண்மூடி ஒதுக்குவதிலும் அறம் இல்லை. எந்த நாட்டுக் கல், எந்தச் சுரங்கம் என்று சொல்லக்கூடிய விற்பனையாளரிடம் வாங்குவதே தொழிலாளிக்கும் நல்லது.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் இன்னொரு வழி. இதற்கான ஆராய்ச்சிக்கு 2023-இல் சென்னை ஐஐடிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இந்த வைரத்துக்காக யாரும் குழியில் இறங்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் அதை வளர்க்க ஏராளமான மின்சாரம் வேண்டும்; அது நிலக்கரியில் பிறந்ததா, சூரிய ஒளியில் பிறந்ததா என்று கேட்க வேண்டியிருக்கிறது. விலையும் வேகமாகச் சரிந்துவருகிறது. நாளைக்கு விற்று முதலாக்கலாம் என்று நினைத்து வாங்குகிறவர் ஏமாறுவார்.

இவ்வளவு விசாரித்தபின்பும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அதை ஆப்பிரிக்காவில் தேட வேண்டாம், நம் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. ‘நாங்க எதுவும் கேட்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதுதான்’ என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள். அடுத்த வாக்கியத்திலேயே மூத்த மருமகளுக்கு அவள் வீட்டில் போட்ட வைரத்தோட்டைப் பற்றிப் பேச்சு வரும். பெண்ணைப் பெற்றவர் அதைக் கேட்டுவிட்டுப் போய் நிலப் பத்திரத்தை அடகு வைக்கிறார். 1961-லேயே வரதட்சணையைச் சட்டம் தடை செய்தது. சீர் என்ற பெயரில் அது இன்றும் நடமாடுகிறது. எவ்வளவு நேர்மையான சுரங்கத்தில் பிறந்த கல்லாக இருந்தாலும், இப்படி வாங்கப்பட்டால் அது கறைபட்ட கல்தான். வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் வாங்குபவருக்கு இருப்பதால்தான் பொறுப்பும் அவருடையது என்றோம். அந்தச் சுதந்திரத்தையே பறிக்கும்போது, பொறுப்பு முழுவதும் பறித்தவர் தலையில் ஏறுகிறது.

எனவே தீர்ப்பு இதுதான். வைரம் அணிவது பாவமல்ல. கடையில் கேட்காமல் வாங்குவதும் பெண் வீட்டில் கேட்டு வாங்கிப் போடுவதும் தவறு. வீட்டில் பழைய கல் இருந்தால் அதையே புதுத் தோடாகக் கட்டுங்கள். புதிதாக வாங்குவதென்றால் கல் எங்கிருந்து வந்தது என்று கடையில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுந்து வாருங்கள். மகனுக்குப் பெண் பார்க்கப் போகும் வீட்டில் தோட்டைப் பற்றிய பேச்சையே எடுக்காதீர்கள்.