உன் வேலைக்காரனுக்கும் ஒரு நாள்

 

எழுப்புதலைக் குறித்து எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எழுதப்போவதோ கடை அடைப்பதைக் குறித்து. சிரிக்காதிருங்கள். உபவாச ஜெபத்தில் ஆவியானவர் என்னைத் திரும்பத் திரும்ப நெகேமியா 13-ம் அதிகாரத்துக்கே நடத்திக்கொண்டிருந்தார்.

எருசலேமின் அலங்கம் கட்டி முடிந்தாயிற்று, ஆராதனையும் நடக்கிறது. ஆனாலும் ஓய்வுநாளில் ஒரு பக்கம் ஆலையில் திராட்சரசம் மிதிக்கிறார்கள், மறுபக்கம் கழுதைமேல் மூட்டை ஏற்றுகிறார்கள். தீரு பட்டணத்தார் மீன் கொண்டுவந்து விற்கிறார்கள். நெகேமியா என்ன செய்தான்? முதலாவது மீன்காரனைப் பிடிக்கவில்லை. யூதாவின் பெரிய மனுஷரைப் பிடித்துக் கடிந்துகொண்டான். பிறகு பொழுது சாயும்போதே வாசல்களைப் பூட்டச் சொல்லி, தன் ஆட்களைக் காவல் வைத்தான். வியாபாரிகள் ஒன்றிரண்டு தடவை மதிலுக்கு வெளியே ராத்தங்கிப் பார்த்தார்கள். இனிமேல் இங்கே படுத்தால் கை வைப்பேன் என்று சொன்னபிறகுதான் வருகிறதை விட்டார்கள். வேதத்திலே கடையடைப்புச் சட்டத்தை இவ்வளவு விவரமாக அமல்படுத்தினவன் வேறே ஒருவனும் இல்லை.

இதை வாசித்துவிட்டு நம்மில் சிலர், "பாத்தீங்களா பாஸ்டர், ஞாயித்துக்கெழம எல்லா கடையும் மூடணும்னு கவர்மெண்டு சட்டம் போடணும்" என்கிறார்கள். பெரிய வெள்ளிக்கு டாஸ்மாக்கை மூட வேண்டும் என்று மனுக் கொடுக்கலாமா என்று ஒரு சகோதரர் கேட்டார். திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மீலாது நபி, காந்தி ஜெயந்தி என்று வழக்கமாக மூடுகிற எட்டு நாட்களில் பெரிய வெள்ளி இல்லை என்பது மெய்தான். கொடுக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் மூடுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் அங்கே நிற்கிற கூட்டத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள்.

முதலாவது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யூதருடைய ஓய்வுநாள் சனிக்கிழமை. நாம் ஆராதிக்கிறது ஆண்டவர் உயிர்த்தெழுந்த வாரத்தின் முதல் நாள். இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது. ஒரு நாளை மற்ற நாளிலும் விசேஷமாக எண்ணுகிறவனும் உண்டு, எண்ணாதவனும் உண்டு, இதினிமித்தம் ஒருவரையொருவர் நியாயந்தீர்க்க வேண்டாம் என்று பவுல் ரோமர் 14-ல் எழுதிவிட்டார். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தவனுக்கு நரகம் என்று நான் பிரசங்கிக்கிறதில்லை. என் பாரம் வேறே.

கடைக்காரரின் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. ஆலங்காயம் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிற நம் சபைச் சகோதரர் ஒருவர் என்னிடம் மனம்விட்டுப் பேசினார்: "அய்யா, ஷூ கம்பெனி பொண்ணுங்களுக்கு ஞாயித்துக்கெழமதான் லீவு. மத்த நாள்ல இருட்டோட பஸ் ஏறி ஆம்பூர் போறாங்க, இருட்டினப்பறம் வந்து எறங்குறாங்க. மலைக்காரங்களும் அன்னிக்கிதான் எறங்கி வர்றாங்க. அன்னிக்கி மூடிட்டு மீதி ஆறு நாள் தெறந்து இன்னா பிரயோஜனம்?" நியாயமான பேச்சு. அவருடைய வாடிக்கைக்காரருக்கும் ஓய்வு நாள் அந்த ஒன்றுதான். அதில்தான் அவர்கள் அரிசி பருப்பு வாங்கியாக வேண்டும்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நீங்க ஞாயித்துக்கெழம காலைல ஒன்பது மணிக்கு குடும்பத்தோட ஆராதனைக்கு வந்துடறீங்க, தோத்திரம். அப்போ கடையில யார் இருக்காங்க?"

"பையன் பாத்துக்குவான் அய்யா."

"அந்தப் பையனுக்கு என்னைக்கு லீவு?"

சகோதரர் பதில் சொல்லவில்லை.

பிரியமானவர்களே, யாத்திராகமம் 20:10-ஐத் திறந்து மெதுவாக வாசியுங்கள். கட்டளை உன்னோடு நின்றுபோகவில்லை. உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், உன் வாசலுக்குள் தங்குகிற அந்நியன் என்று பெயர் பெயராக வரிசை போகிறது. எஜமானுடைய மனைவியைத் தனியாகச் சொல்லாத தேவன், வேலைக்காரியைத் தனியாகச் சொல்லுகிறார். உபாகமம் 5-ம் அதிகாரத்தில் அதற்குக் காரணமும் வருகிறது: நீயும் எகிப்தில் அடிமையாய்க் கிடந்தவன், அதை மறந்துபோகாதே. எகிப்திலே நடந்தது என்ன? மோசே பார்வோனிடத்தில் போய் முதன்முதல் கேட்டது விடுதலை அல்ல, லீவு. மூன்று நாள் வனாந்தரத்துக்குப் போய்ப் பண்டிகை கொண்டாட வேண்டும் என்று கேட்டான். பார்வோன் சொன்ன பதில், இவர்கள் சோம்பேறிகள் என்பது. அன்றைக்கே வைக்கோலை நிறுத்தினான், செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. லீவு கேட்கிறவனைச் சோம்பேறி என்று சொல்லி, மறுநாள் அவன் தலையில் அதிகம் பீஸ் கட்டுகிற எஜமான்கள் பார்வோனோடே செத்துப்போகவில்லை.

இனி நம்முடைய தேசத்துச் சட்டத்துக்கு வருவோம். சுதந்திரம் கிடைத்த அதே 1947-ம் வருஷம் அன்றைய சென்னை மாகாணத்தில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வந்தது. கடை வாரத்தில் ஒரு நாள் முழுசாக மூடியிருக்க வேண்டும், எந்த நாள் என்பதைக் கடைக்காரரே தெரிந்துகொண்டு எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி மாட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மாற்றக்கூடாது என்று அதில் எழுதினார்கள். வேலையாளுக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை, அதற்காகச் சம்பளம் பிடிக்கக்கூடாது. பழைய கடைகளில் "செவ்வாய் விடுமுறை", "வெள்ளி விடுமுறை" என்று பெயிண்டில் எழுதியிருக்கிற பலகை இதனால் வந்தது. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்தின் முதல் நாளாகிய ஞாயிற்றுக்கிழமையை விடுமுறை என்று வைத்து, வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளவும் இடம் கொடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. அதிலும் வாரத்துக்கு ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றே இருக்கிறது.

பிறகு 1958-ல் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள். இந்த நாட்களில் ஆளை வேலைக்கு வைத்தால் இரட்டிப்புச் சம்பளம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை. குடியரசு தினத்தன்று தொழிலாளர் துறை அதிகாரிகள் கடை கடையாக ஏறிச் சோதித்தார்கள் என்று மறுநாள் பேப்பரில் வருகிறதே, அது இந்தச் சட்டத்தின்படிதான். மே 1-ஐ இந்தியாவிலேயே முதன்முதல் கொண்டாடினது நம்முடைய சென்னை பட்டணத்தில், 1923-ல், சிங்காரவேலர். அவர் நம்மைப்போல விசுவாசி அல்ல. ஆனாலும் பார்வோனிடத்தில் லீவு கேட்டவர்களின் வரிசையில் அவரும் நின்றார்.

இரட்டிப்பு என்று வாசித்தவுடனே எனக்கு மன்னா ஞாபகம் வந்தது. யாத்திராகமம் 16-ல் ஏழாம் நாள் வெளியே போக வேண்டாம் என்று சொல்லும் முன்னே, ஆறாம் நாளில் இரண்டு மடங்கு விழப்பண்ணினார் தேவன். பசியோடே ஓய்ந்திரு என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. 2020 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தமிழ்நாடு முழுவதும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் முழு அடைப்பு போட்டார்கள். 2022 ஜனவரியிலும் மூன்று ஞாயிறு அப்படியே. ஆலங்காயம் ரோட்டில் ஒரு கதவு திறந்திருக்கவில்லை. நெகேமியா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான் என்று அப்பொழுது ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினக்கூலிக்கு மூட்டை தூக்குகிறவன், தள்ளுவண்டிக்காரன், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன், இவர்களுக்கு அது ஓய்வுநாளாகவா இருந்தது? அடுப்பு எரியாத நாளாக இருந்தது. வியாதியினிமித்தம் அது வேண்டியிருந்தது, அதில் குற்றம் சொல்லவில்லை. ஆனால் மூடுகிறது வேறே, இளைப்பாறுகிறது வேறே. கூலி இல்லாமல் மூடின கதவைப் பார்த்து ஓய்வுநாள் என்று பெயர் வைக்காதிருங்கள்.

காலம் இப்போது மறுபக்கம் ஓடுகிறது. 2019 மே மாதம் 28-ந் தேதி தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. பத்துப் பேர், அதற்கு மேல் வேலை செய்கிற கடைகள் வருஷத்தில் 365 நாளும், 24 மணி நேரமும் திறந்திருக்கலாம். மூன்று வருஷத்துக்கு என்று போட்டு, 2022-லும் 2025-லும் நீட்டித்தார்கள். அந்த ஆணையிலேயே நிபந்தனையும் இருக்கிறது: ஆள் ஒவ்வொருவருக்கும் முறைவைத்து வாரம் ஒரு நாள் விடுமுறை, தினம் எட்டு மணி நேரம், யார் யார் இன்று லீவு என்று கடையில் எழுதி வைக்க வேண்டும். கடை தூங்காமலிருக்கலாம், மனுஷன் தூங்க வேண்டும். இதுதான் அதன் சாராம்சம். எழுதி வைத்திருக்கிறார்களா என்று அடுத்த தடவை பெரிய கடைக்குப் போகும்போது பாருங்கள்.

நம் சபைச் சகோதரி ஒருவர் வெளியூரில் ஒரு பெரிய துணிக்கடையில் வேலை செய்கிறார். தீபாவளி மாதம் முழுக்க லீவே இல்லை, கேட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களாம். கால் வீங்கி வீட்டுக்கு வருகிறார். உட்கார ஸ்டூல் கொடுக்க வேண்டும் என்று 2021-ல் சட்டசபையில் திருத்தம் நிறைவேற்றினார்கள். "சட்டம் இருக்கு பாஸ்டர், ஸ்டூல்தான் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. அடிமைப்பெண்ணின் பிள்ளையும் பரதேசியும் மூச்சு விட்டுக்கொள்ளத்தான் ஏழாம் நாள் என்று யாத்திராகமம் 23:12 சொல்லுகிறதே, அந்த வசனம் இந்தச் சகோதரிக்காக எழுதப்பட்டது.

அரசாங்கம் ஜனங்களை ஆராதனைக்குத் தள்ளிக்கொண்டு வர முடியாது, வரவும் வேண்டாம். கி.பி. 321-ல் கான்ஸ்டன்டைன் ராயன் ஞாயிற்றுக்கிழமை பட்டணத்து வேலைகளை நிறுத்தச் சட்டம் போட்ட நாள்முதல் இந்த ஆசை சபைக்கு இருக்கிறது. கனடா தேசத்தில் கர்த்தருடைய நாள் சட்டம் என்றே ஒன்று 1906 முதல் இருந்தது. ஒரு மருந்துக் கடை ஞாயிறன்று திறந்ததினால் வழக்காகி, 1985-ல் அந்த தேசத்து உச்சநீதிமன்றம் அதைத் தள்ளிப்போட்டது. ஒரு மார்க்கத்தின் நாளை எல்லார்மேலும் சுமத்தக்கூடாது என்றார்கள். மறுவருஷமே, 1986-ல், ஒன்டாரியோ மாகாணத்தின் கடை விடுமுறைச் சட்டத்தை அதே நீதிமன்றம் நிலைநிறுத்தினது. கடை ஊழியருக்குப் பொதுவான ஓய்வு நாள் கொடுப்பது தப்பல்ல என்றார்கள். இந்த இரண்டு தீர்ப்புக்கும் ஆமென் சொல்ல எனக்கு மனம் இருக்கிறது.

இப்போது ஆமோஸிடம் வாருங்கள். 8-ம் அதிகாரத்தில் வியாபாரிகள் ஓய்வுநாளில் கடை திறக்கவில்லை. ஆனால் பண்டிகை எப்போது முடியும், ஓய்வுநாள் எப்போது கழியும், பண்டசாலையைத் திறப்போமே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். படியைச் சின்னதாக்கவும் தராசைத் திருப்பவும் யோசிக்கிறார்கள். அடுத்த வசனத்தில் வருகிறது பாருங்கள்: எளியவனை ஒரு ஜோடி பாதரட்சைக்கு வாங்கிவிடுகிறார்களாம். பாதரட்சை! ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் பாதரட்சை செய்தே சாப்பிடுகிற நமக்கு இதைப் பிரசங்கித்து விளக்க வேண்டுமா? ஒரு ஜோடிக்கு என்ன விலை போகிறது, அதைத் தைத்த பிள்ளைக்கு என்ன கூலி போகிறது என்று நம் வீட்டுப் பெண்களுக்கே தெரியும். ஓய்வுநாளை அலுத்துக்கொள்ளுகிறவனும் எளியவனை ஜோடிக் கணக்கில் விலை பேசுகிறவனும் ஒரே ஆள் என்று ஆவியானவர் பக்கத்துப் பக்கத்து வசனத்தில் வைத்திருக்கிறார்.

நெகேமியாவைக் குறித்தும் ஒன்று விட்டுப்போயிற்று. 13-ம் அதிகாரத்தில் வாசலைப் பூட்டினவன், 5-ம் அதிகாரத்தில் என்ன செய்தான்? கடனுக்காகப் பிள்ளைகளை அடிமையாக்கின பெரிய மனுஷரைக் கூட்டி, வயலையும் வீட்டையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்தான். முதலாவது அது, அப்புறந்தான் வாசல் பூட்டு. நம்மிடத்தில் பீடி இலைக்கும் கடை வேலைக்கும் அட்வான்ஸ் கொடுத்து, அந்த அட்வான்ஸைக் காட்டியே லீவு மறுக்கிறவர்கள் உண்டு. விசுவாசிகளிலும் உண்டு. பெயர் எழுத மாட்டேன், ஆண்டவருக்குத் தெரியும்.

மளிகைக் கடைச் சகோதரரோடு ஜெபித்துப் பேசினபோது மூன்று காரியம் முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கடை பகல் ஒரு மணிக்குமேல்தான் திறக்கும். பையனுக்குச் செவ்வாய்க்கிழமை சம்பளத்தோடு முழு லீவு. மே 1-ம் தேதியும் ஆகஸ்ட் 15-ம் தேதியும் அவன் வந்தால் இரண்டு நாள் கூலி. "நஷ்டம் வரும் அய்யா" என்றார். வரலாம், வராது என்று நான் வாக்குப் பண்ணவில்லை. பையன் நம் மார்க்கத்தான் அல்ல. சபைக்கு வந்தால்தான் லீவு என்று சொல்லக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். அவன் அன்றைக்கு மலைக்குப் போய் அம்மாவைப் பார்ப்பானோ, படுத்துத் தூங்குவானோ, அது அவன் நாள்.

துணிக்கடை, ஷோரூம், ஓட்டல் வேலை செய்கிற நம் பிள்ளைகளுக்கு முறை லீவு வாரநாளில்தான் விழுகிறது. ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை என்று அவர்களை நாம் குறைசொல்லி வந்தது போதும். இந்த மாதம் முதல் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை 10 மணிக்கு நம் ஜெப வீட்டில் அவர்களுக்காக ஆராதனையும் இராப்போஜனமும் நடக்கும். நான்கு பேர் வந்தாலும் நடக்கும். கடை வைத்திருக்கிற விசுவாசிகள், உங்கள் ஆட்களுக்கு எந்த நாள் லீவு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அடுத்த உபவாச ஜெபத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த நாட்களை வைத்து அவர்களுக்காக ஜெபிப்போம்.