பார்க்கக் கண் கொடுத்த சாமி

ஓம் சரவணபவ!

நம்ம காஞ்சிபுரம் குமரகோட்டத்துல கச்சியப்ப சிவாச்சாரியார் அரங்கேற்றின கந்தபுராணத்துல ஒரு இடம் வரும். போர்க்களத்துல முருகன் சூரபத்மனுக்குத் தன் விசுவரூபத்தைக் காட்டுகிறார். அதைக் காண சூரனோட கண் மட்டும் போதாது. காண்பதற்கான நல்லுணர்வையும் முருகனே கொடுக்கிறார். அதுவரை சின்னப் பிள்ளைன்னு நினைச்சிருந்தவன், அந்த நிமிஷம் உருகிப் போறான்.

கவனிங்க. எதிரிக்கே பார்வை கொடுத்தவர் நம்ம சாமி!

இது எனக்குப் புரிஞ்ச இடம் வேடந்தாங்கல். காஞ்சியில இருந்து சுமார் 50 கிலோமீட்டர். 2019 வரைக்கும் நம்ம மாவட்டம்தான், இப்போ செங்கல்பட்டு. ஏரிக்கரையில பக்கத்து வயல்காரப் பெரியவர் ஒருத்தர் நின்னுட்டிருந்தார். "ஐயா, நீங்களும் பாருங்க"ன்னு பைனாகுலரை நீட்டினேன். கூழைக்கடா கூட்டைப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"தம்பி, குஞ்சு தாயோட வாய்க்குள்ளயே தலைய விட்டு மீன் எடுக்குது! இத்தனை வருஷமா சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கேன்."

அப்புறம் அவர் முறை. "அந்த மூணாவது மரம், அடிக்கிளையப் பாரு"ன்னார். வெறும் வெள்ளைப் புள்ளின்னு நான் விட்டுட்டுப் போன இடத்துல ஒரு கரண்டிவாயன்! பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணிதான் வயலுக்கு உரம்னும் சொன்னார். கண்ணாடி என்னோடது, எங்கே பார்க்கணும்ங்கிற அறிவு அவரோடது.

அந்த ஊர்க்காரங்க பறவைகளைச் சுடக்கூடாதுன்னு 1798-லயே வெள்ளைக்கார கலெக்டர்கிட்ட உத்தரவு வாங்கினவங்க. 2022-ல ராம்சர் அங்கீகாரம் வர்றதுக்கு ரெண்டு நூற்றாண்டு முன்னாடியே! அவங்க காத்துக் கொடுத்ததைத்தான் நாம பார்க்கிறோம்.

சூரன் கதைக்கு வருவோம். முருகன் கொடுத்த உணர்வு விலகினதும் ஆணவம் திரும்ப வந்துடுச்சு. வேல் பிளந்தது. அப்பவும் அவனை விட்டுடலையே! மயிலாவும் சேவலாவும் தன் பக்கத்துலயே வச்சுக்கிட்டார்.

நாம என்ன பண்றோம்? உற்சவர் புறப்பாட்டுல போனைத் தலைக்கு மேல தூக்குறோம். பின்னாடி நிக்கிற பாட்டிக்கு சாமியே தெரியறதில்லை. நமக்கு வீடியோ கிடைச்சது, அவங்களுக்கு தரிசனம் போச்சு.

வர்ற கிருத்திகைக்கு ஒண்ணு செய்வோம். போனை இறக்கிட்டு, "பாட்டி, முன்னாடி வாங்க"ன்னு ரெண்டடி நகர்ந்து கொடுப்போம். திருப்புகழ்ல ஒரு பாட்டுக்கு அர்த்தம் தெரிஞ்சா, தெரியாத ஒருத்தருக்குச் சொல்லுவோம். அவங்களுக்குத் தெரிஞ்சதைக் கேட்டுக்குவோம். அடுத்தவங்க கண்ணுக்கு சாமியைக் காட்டுறதும் முருகனுக்குச் செய்யற தொண்டுதான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚